அடிப்பதற்கு முன் கேட்க வேண்டியது

2015 டிசம்பரில் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஜகாட்’ படத்தின் நாயகனுக்குப் பன்னிரண்டு வயது. பெயர் அப்போய். குறும்புக்காரன், கற்பனை மிகுந்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் புறம்போக்குக் குடியிருப்பில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. உறவுக்குள்ளேயே ஒருவர் குண்டர் கும்பலில் இருக்கிறார். இன்னொருவர் போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர். அப்பா மணியம் உழைப்பாளி. படித்தால்தான் மகன் இந்த வாழ்க்கையிலிருந்து தப்புவான் என்று உறுதியாக நம்புகிறவர். அந்த நம்பிக்கையோடுதான் மகனை அடிக்கவும் செய்கிறார்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இந்தச் சுயாதீனப் படம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்றது. மலாய் மொழியில் எடுக்கப்படாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவது நியாயமா என்று பெரும் விவாதம் எழுந்த ஆண்டு அது. விருதைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசினார்கள். குண்டர் கும்பல்களைப் பற்றியும் பேசினார்கள். அப்போயின் மனத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பதே என் வருத்தம்.

அப்போய்க்கு நோய் இருப்பதாகக் கதை எங்கும் சொல்வதில்லை. ஆனால் ஒரு குழந்தையின் மனம் எப்படிச் சிறிது சிறிதாக இறுகிப்போகிறது என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டிய மலேசியத் தமிழ்ப் படம் ஒன்றை நான் பார்த்ததில்லை. அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களில் பலருக்கு அவன்மேல் பாசம் உண்டு. உனக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்கத்தான் ஆளில்லை. வெளியே அவனுக்கு மரியாதை கொடுக்கும் ஒரே உலகம் குண்டர்களின் உலகமாக இருக்கும்போது அவன் அங்கே போய் நிற்பதில் என்ன வியப்பு?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் பின்னணியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான் உருவானது. அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா; அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். அதை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே, மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத் துரையின் ஏக்கங்களும் மனப்போராட்டமும் பாரிஸ் வரை போய் வாசிக்கப்பட்டன. லயங்களில் படுத்தெழுந்த நம் முன்னோரின் மனம் அப்படி எழுதப்பட நெடுங்காலம் ஆயிற்று.

பிறகு ரப்பர் அழிந்து செம்பனை பரவியது. பால்வெட்டுக்குத் தேவைப்பட்ட அத்தனை கைகள் குலை அறுக்கத் தேவைப்படவில்லை. நிலம் கைமாறியது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. வேலையோடு ஒட்டியிருந்த வீடு வேலையோடு போயிற்று. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த கதை வட சிலாங்கூரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காத்திருப்பு தொடங்கிய நாளில் பிறந்த பிள்ளைக்கு இன்று ஒரு பிள்ளை பிறந்திருக்கும்.

வீடு போனதற்கு இழப்பீடு கேட்டோம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போய்விடாமல் இருக்கப் போராடினோம். மனத்தில் விழுந்த அடிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. பெரட்டுக்களத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மனிதர், ஊர்த் திருவிழாவில் முன்னால் நின்றவர், திடீரென்று ஒரு நகரத்து மலிவு விலை அடுக்குமாடியில் யாரென்று தெரியாத ஆளாகிறார். பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேரம். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று அவருக்கு ரோத்தான் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் துக்கம் எங்கே போகும்? சிலருக்குக் கள்ளுக்கும் சம்சுவுக்கும் போயிற்று. சிலருக்கு மகனின் முதுகுக்குப் போயிற்று. மணியத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் யாரும் கேட்காமல் வளர்ந்த ஒரு பிள்ளை என்றுதான் தோன்றியது. இதனால் அடித்தது சரியாகிவிடாது. ஆனால் அந்தக் கை எங்கிருந்து ஓங்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தாழ்த்த முடியும்.

இன்று புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஜெராமிலோ ஒரு வீட்டுக்குள் பிள்ளையின் மனத்துயரம் எப்படித் தெரியும்? பெரும்பாலும் சோகமாகவே தெரியாது. பதின்ம வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். நான்காம் படிவம் படிக்கும் பையன். முன்பெல்லாம் மாலையானால் பந்தாடப் போய்விடுவான். இப்போது மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிடுகிறான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைக்கிறான். இரவு இரண்டு மணிக்குக் கைத்தொலைபேசி வெளிச்சம் கதவிடுக்கில் தெரிகிறது. தங்கை ஏதோ கேட்டாள் என்று பாய்ந்து விழுகிறான். அம்மா அதைத் திமிர் என்கிறார். அப்பா சோம்பேறி என்கிறார், ‘உன் வயசுல நான் நாலு டன் குலை தூக்கினேன்டா’ என்கிறார். பாட்டிக்கு மட்டும் பிள்ளை சரியில்லை என்று தெரிகிறது. காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்த கயிறு கட்டிவிடுகிறார்.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் அவன் துன்பப்படுகிறான் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். கயிறு கட்டும்போது தலையைத் தடவிக்கொடுத்திருப்பார். அந்தத் தடவல் மருந்துதான். கயிற்றோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் படிப்பும் நட்பும் ஒருசேரக் குலைந்தால், மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லி யாரும் ரோத்தானை எடுப்பதில்லை.

இது ஏதோ ஓரிரு வீட்டுச் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 2017இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 18.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 2022இல் அது 26.9 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவர். அதே 2022 ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு மாணவர், உயிரை மாய்த்துக்கொள்ள ஒருமுறையாவது முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். முப்பத்தைந்து பேர் உட்காரும் ஒரு வகுப்பறையை மனத்தில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். நாட்டின் தற்கொலைப் பதிவேடு வெளியிட்ட அறிக்கைகளில், நம் மக்கள்தொகைப் பங்குக்கு மிஞ்சிய அளவில் இந்தியர்கள் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் சிந்தித்துவிட்டு, பலர் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, மலாய்மொழிப் பள்ளிக்குள் நுழைகிறார்கள். பக்கத்துப் பிள்ளையைவிட ஒரு வயது மூத்தவனாக, ஒரு படி கீழே நிற்பவனாக. அந்த வயதில் அது எவ்வளவு கூசும் என்பதைப் பெற்றோர் அறிவதில்லை. எஸ்பிஎம் தேர்வு முடிவு ஒன்றுதான் எங்கள் பட்டினிக்குக் கைம்மாறு என்று வீட்டில் தினமும் கேட்கும் பிள்ளை, தோற்றுவிடுவோமோ என்ற பயத்தை யாரிடம் போய்ச் சொல்லும்? அந்தத் தியாகத்தின் கனமே அதன் வாயை அடைத்துவிடுகிறது.

ஆகவே பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் நாம்தான். எப்படித் தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். நேரெதிரே உட்காரவைத்து விசாரித்தால் எந்தப் பையனும் பேசமாட்டான். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து தஞ்சோங் காராங்குக்குச் சாமான் வாங்கப் போகும்போது பேசுவான். முகம் பார்க்கத் தேவையில்லை அல்லவா? ‘கொஞ்ச நாளா நீ நீயா இல்லைய்யா. எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு சொல்லு, நான் திட்டமாட்டேன்’ என்று ஓர் அப்பா சொல்ல வேண்டும். சொன்னபடி திட்டாமலும் இருக்க வேண்டும். அவன் சொன்னதும் அறிவுரையைத் தொடங்கக் கூடாது. ‘இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க’ என்ற ஒரு வார்த்தை போதும், கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். அவன் பேசாமல் இருந்தால் விட்டுவிட்டு மறுநாளும் கேட்க வேண்டும்.

செத்துப்போய்விடலாம் என்று நினைக்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்க நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம். அப்படி நடப்பதில்லை என்பது மனநல மருத்துவம் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. மனத்துக்குள் தனியாகச் சுமந்த ஒன்றை இன்னொருவர் அச்சமில்லாமல் பெயர் சொல்லிக் கேட்கும்போது பாரம் குறையவே செய்யும். ஆமாம் என்று பதில் வந்தால் அன்று அவனைத் தனியே விடக்கூடாது. காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் தொடங்கிய 15555 என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்க 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-76272929 என்ற எண்ணில் இருக்கிறது. இந்த எண்களைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம். யாருக்காக என்று சொல்லாமல் ஒட்டினால் போதும், தேவைப்பட்டவர் பார்த்துக்கொள்வார்.

மருத்துவரிடம் போவதற்கு இரண்டு அச்சங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று ஊர்ப்பேச்சு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது; நூறாண்டுக்கு மேலாகியும் அந்த ஊர்ப் பெயர் நம் வீடுகளில் ஒரு வசவாகவே இருக்கிறது. பிள்ளையின் காதுபட அதைச் சொல்லிச் சிரித்த பெரியவரிடம் அந்தப் பிள்ளை ஒருநாளும் மனம் திறக்காது. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம், நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்வி உயிரைவிடப் பெரிதாகிவிடுகிறது. இரண்டாவது அச்சம் போலீஸ். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே மூடி மறைத்தன. அந்தப் பிரிவை நீக்கும் மசோதா 2023 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, செப்டம்பர் 11 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. இந்தச் செய்தி இன்னும் பல வீடுகளை எட்டவில்லை. கோயில் கூட்டங்களிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

சிகிச்சை என்றவுடன் பெரும் செலவை நினைத்து மலைப்பவர்களும் உண்டு. அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதத்தோடு மருத்துவமனை நிபுணரிடம் போனால் ஐந்து வெள்ளி. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. நாள் கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும். உள்தோட்டத்திலிருந்து பேருந்து கிடைக்காது. வரிசையில் பாதி நாள் கழியும். வண்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாரும் கோயில் தலைவர்களும் இளைஞர் மன்றத்தாரும் உதவ முடிகிற இடம் இதுதான். திருவிழாவுக்கு லட்சம் வெள்ளி திரட்டத் தெரிந்த நமக்கு, மாதம் ஒருமுறை நான்கு பிள்ளைகளை மருந்தகத்துக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிட ஒரு வேன் முடியாத காரியமில்லை.

அந்த வேனில் அம்மாவோ அப்பாவோ கூடவே ஏற வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குச் சிகிச்சை தொடங்கப் பொதுவாகப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் கேட்பார்கள். தானே துணிந்து பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போய்ச் சொன்ன பிள்ளைகூட, அதற்கு மேல் வீட்டார் ஒருவர் வந்து கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க நேரலாம்.