பொய்த்த மழையும் பங்கு நீரும்

மழை பொய்த்தால் அது எவர் குற்றமுமன்று என்பர். மெய்தான். ஆயினும் அதனால் விளையும் நட்டத்தை யார் தலையில் இறக்குவது என்பதை வானம் தீர்மானிப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை குன்றியது. அவ்வாண்டு 44 இலட்சம் தொன்னாயிருந்த இலங்கையின் நெல் விளைச்சல், மறு ஆண்டில் ஏறத்தாழ 24 இலட்சமாகச் சரிந்தது. அரசு தீர்வையைக் குறைத்தது. அரிசி கப்பலில் வந்திறங்கியது. நகரத்தில் உலை கொதித்தது. வயல் கருகியவனோ, விதைநெல்லுக்குப் பட்ட கடன் தீருமுன்னே உண்ணும் அரிசிக்கும் கடன்பட வேண்டியவனானான்.

குளம் நிரம்பாத காலத்தில் வரண்ட வலயத்து உழவர் கையாளும் பழைய வழக்கமொன்றுண்டு. குளத்தையடுத்த வயல்களை மட்டும் விதைப்பர். அவற்றைக் கடைமடைக் காணிக்காரருக்கும் அப்போகத்துக்கு மட்டும் பங்கிட்டளிப்பர். சிங்கள உழவர் இதனைப் ‘பெத்ம’ என்பர். கிளிநொச்சி இரணைமடுவின் கீழும் சிறுபோகத்தில் நீருக்கேற்ப ஏக்கரைச் சுருக்கிப் பங்கிடுகின்றனர். ‘என் காணி’ என்ற சொல் ஒரு போகத்துக்கேனும் வாய்மூடி நிற்கிறதே! நீதியைப் பற்றிய தடித்த நூல்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால், உறுதியோ பெர்மிற்றோ வைத்திருப்பவருடன் அப்பங்கு நின்றுவிடுகிறது. களை பிடுங்குபவளுக்கும் வரம்பு கட்டுபவனுக்கும் அதில் இடமில்லை. பயிரழிவு நட்டஈடும் ஏக்கர்க் கணக்கிலேயே வரும். வேலை கிடையாத நாட்களுக்கு ஏக்கர் ஏது?

குளத்து நீர் எவர் காணியிலும் விளைந்ததன்று. 1902இல் தொடங்கி இரணைமடு அணைக்கு மண் சுமந்தவர்களும் கூலியாட்களே.