பச்சாதாபத்தின் கணக்கு

'ஆள் பெரிய எம்டன்' என்று செவ்வாப்பேட்டையில் இன்றும் சொல்வார்கள். எதற்கும் அஞ்சாத, பிடிகொடுக்காத ஆசாமி என்று அர்த்தம். சொல்கிறவர்களில் பலருக்கு அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயரென்று தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சிலர் மடிந்தார்கள். 45 வருஷம் கழித்து, 1959இல், அதே நகரில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.ஐ.டி. பிறந்தது. அதில் பிராயச்சித்தம் எதுவும் கிடையாது, அது ராஜ்யங்களின் சிநேகம். நாமோ அடித்தவன் பெயரைப் பாராட்டுச் சொல்லாக்கிக்கொண்டோம். இதை மன்னிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறதி என்பதே பொருத்தம்.

ஒரு ராஜ்யம் பச்சாதாபப்பட முடியுமா?

1970 டிசம்பர் 7 அன்று வார்ஸாவில், யூதச் சேரிக் கிளர்ச்சியின் நினைவுச்சின்னத்தின் முன் சான்ஸலர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். அவர் நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டுப் போய் வாழ்ந்தவர். குற்றம் செய்யாதவர் மண்டியிட்டதில்தான் அந்தச் செய்கையின் அர்த்தமே இருக்கிறது. தார்மீகக் குற்றம் தனிமனிதனுடையது, அரசியல் பொறுப்பு குடிமக்கள் எல்லோருடையதும் என்று 1946இல் கார்ல் யாஸ்பர்ஸ் பிரித்துக் காட்டியது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

பச்சாதாபம் வெளியுறவுக் கொள்கையாகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'இனி யுத்தம் வேண்டாம்', 'இனி ஆஷ்விட்ஸ் வேண்டாம்' என்று ஒரே சரித்திரம் இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவதைச் சொல்லி ஜெர்மனி பல காலம் ஆயுதத்திலிருந்து விலகி நின்றது. 1999இல் வெளியுறவு மந்திரி யோஷ்கா ஃபிஷர் இரண்டாவதைச் சொல்லி, யுகோஸ்லாவியாவின் மேல் குண்டுவீசுவதில் பங்குகொண்டதை நியாயப்படுத்தினார். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த மூன்றாம் நாள், சான்ஸலர் ஓலாஃப் ஷோல்ஸ் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ அறிவித்தார். அண்டை வீடு எரியும்போது கைகட்டி நிற்பது அஹிம்சை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்வது இறந்தகாலம் அல்ல. தீர்ப்பு நம்முடையது, அதன் பாரத்தை மட்டும் இறந்தவர்களின் தோளில் ஏற்றிவிடுகிறோம்.

இறந்தவர்களிலும் தரவரிசை உண்டு. 1904 முதல் 1908 வரை, இன்றைய நமீபியாவில், ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. 2021இல்தான் ஜெர்மன் அரசு அதை இனப்படுகொலை என்றது. 30 வருஷங்களில் 110 கோடி யூரோ தருவதாகச் சொல்லி, 'நஷ்டஈடு' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தது. பேச்சுவார்த்தையில் தங்களுக்கு உரிய இடமில்லை என்று அம்மக்களின் பிரதிநிதிகள் பலர் எதிர்த்தார்கள். இஸ்ரேலின் பாதுகாப்பு ஜெர்மனியின் ராஜ்ய தர்மம் என்று 2008இல் அறிவித்தவர் ஏஞ்சலா மெர்க்கல். காசா பற்றிய இனப்படுகொலை வழக்கில் இஸ்ரேல் பக்கம் பேச 2024 ஜனவரியில் ஜெர்மனி முன்வந்தபோது, அதைக் கடிந்துகொண்டவர் நமீபியாவின் ஜனாதிபதி.

வங்கி குமாஸ்தாவுக்குத் தெரிந்த நியாயம் எளிமையானது. ஒரு கடனைத் தவணை தவறாமல் கட்டுவதால் இன்னொரு கடன் தீர்ந்துவிடாது. தீர்ந்ததென்று வாங்கியவனே கையெழுத்திட்டுக்கொள்ளவும் முடியாது. பச்சாதாபத்தின் உண்மையை மண்டியிட்டவனிடம் கேட்டுப் பயனில்லை. அடிபட்டவன் பேச வேண்டும். அவன் சொல்வது நமக்கு ஒவ்வாததாக இருந்தாலும் கேட்டு நிற்க வேண்டும்.