கட்டுப்பாடும் கடப்பாடும்

2020ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து புதுமையான கடற்பயணம் ஒன்று தொடங்கிற்று. கப்பல் புறப்படும்; எந்த ஊரிலும் நில்லாது; சில நாள் கடலில் உலவிவிட்டுப் புறப்பட்ட துறைக்கே திரும்பும். எல்லைகள் அடைபட்டு, வீட்டுக்குள் முடங்கிச் சலித்த குடும்பங்கள் குழந்தைகளோடும் முதியோரோடும் அதில் ஏறின. போகுமிடமே இல்லாத பயணத்திற்கு இத்தனை விருப்பமா என்று நகைத்தோர் உண்டு. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. தாத்தாவும் பேரனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதற்கும் ஏங்கிய காலமன்றோ அது!

பயணத்திற்கு விதிகள் பல இருந்தன. ஏறுமுன் கோவிட் சோதனை. கொள்ளளவில் பாதிப் பயணிகளே. உண்ணும்பொழுது தவிர முகக்கவசம். குழுவுக்குக் குழு இடைவெளி. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று குறித்துக்கொள்ளும் கருவி. இவற்றை எல்லாம் பிறர் மேற்பார்வை செய்ய இயலும். முகக்கவசம் கழன்றிருந்தால் பணியாளர் வந்து நினைவூட்டுவார். ஆயின் எவராலும் மேற்பார்வை செய்ய இயலாத ஒன்று உண்டு. நள்ளிரவில், பூட்டிய அறைக்குள், ஒரு குழந்தையின் நெற்றி சுடுகிறது. அறிந்தவர் தாயும் தந்தையும் மட்டுமே. மருத்துவரிடம் சொன்னால் கப்பலே திரும்பக்கூடும். சொல்லாவிட்டால், விடியுமுன் காய்ச்சல் தணிந்துவிடவும் கூடும். அவர்கள் சொல்லத்தான் வேண்டுமா?

இது வெறுங்கற்பனை அன்று. அதே ஆண்டு டிசம்பரில் 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல் ஏறத்தாழ 1,680 பயணிகளோடு நான்கு நாள் பயணம் சென்றது. எண்பது வயதைக் கடந்த பயணி ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரை நாடினார். விதிப்படி சோதனை செய்தனர். தொற்று உண்டு என்று முடிவு வந்தது. டிசம்பர் 9ஆம் நாள் காலையில் கப்பல் துறைக்குத் திரும்பியது; பயணிகள் பல மணி நேரம் அறைகளிலேயே இருக்க நேர்ந்தது. பிறகு கரையில் மீண்டும் சோதித்துப் பார்த்தனர். அவருக்குத் தொற்றே இல்லை!

ஓர் ஆசிரியர் கூட்டத்தில் இச்செய்தியைச் சொன்னபோது, "அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தனை பேரும் மகிழ்ச்சியாக இருந்திருப்பார்களே" என்றார் ஓர் இளைஞர். கேலியாகத்தான் சொன்னார். எனினும் அதில் ஒரு வாதம் உண்டு. விளைவைக் கொண்டு அறத்தை அளப்பதானால், பெரியவர் செய்தது பயனற்ற செயலே. ஆனால் மருத்துவரிடம் சென்ற பொழுதில் அவர் அறிந்தது என்ன? தம் உடல் சரியில்லை என்பது ஒன்றே. அறிந்ததை, அறிய வேண்டியவரிடம் சொன்னார். பிழை சோதனை முடிவில் இருந்தது. அவர் சொல்லில் இல்லை. முன்கூட்டியே முடிவு தெரிந்தவர்போல் அவரைக் குறை கூறுவது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதற்கு ஒப்பாகும்.

வள்ளுவரைத் துணைக்கு அழைப்போரும் உளர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் இசைவு தந்திருக்கிறார் அல்லவா? குடும்பத்தின் மகிழ்ச்சி குற்றமற்ற நன்மைதானே? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். யாருக்கு நன்மை? அறைக்கு உணவு கொண்டுவரும் பணியாளரை அக்கணக்கில் சேர்த்தோமா? 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறையில் நிறுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலை எண்ணிப் பாருங்கள். அதில் இருந்த 3,711 பேரில் எழுநூற்றுக்கு மேற்பட்டோரைத் தொற்று பற்றியது. அங்கே எவரும் நோயை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. பயணிகளை அறைக்குள் இருத்திய அந்நாள்களில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பணியாளரில் பலர் கதவுதோறும் உணவு சுமந்து சென்றனர் என்பதையே நினைவூட்டுகிறேன். அவர்களுக்கு ஒதுங்கியிருக்கத் தனி அறை கிடையாது. பயணி நான்காம் நாள் வீடு திரும்புவார். பணியாளரோ அடுத்த கூட்டத்தை வரவேற்கக் கப்பலிலேயே நிற்பார். நாம் மறைக்கும் ஒன்றின் விலையை, நம் கணக்கில் இடம்பெறாத ஒருவர் செலுத்துகிறார். முகக்கவசம் அணியச் செய்வது கட்டுப்பாடு. அப்பணியாளரை எண்ணி வாய் திறக்கச் செய்வது கடப்பாடு. முன்னதை விதி உண்டாக்கும். பின்னதை விதியால் உண்டாக்க இயலாது.

ஆயினும் மெய் சொல்லுக என்று பிறருக்கு அறிவுரை கூறுவது எளிது. 2020 ஜூலையில் நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, வாயிலில் நின்று பிள்ளைகளின் உடல் வெப்பம் பார்த்தோம். சில பிள்ளைகள் பெனடோல் விழுங்கிவிட்டு வந்தனர். காலையில் வெப்பம் காட்டாது, பத்து மணிக்கு மேசையில் தலை சாயும். அத்தாயை உடனே பொய்யர் என்று சொல்லிவிடலாமா? தொழிற்சாலையில் நாட்கூலிக்கு நிற்பவர் அவர். ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் அரிசி. கப்பல் பயணி இழப்பது உல்லாசம். இவர் இழப்பது உணவு. இருவர் மறைத்ததும் ஒரே பொருள்தான் என்றாலும், இருவரையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. ஆண்டு முழுதும் ஒரு நாளும் வராமல் இராத மாணவருக்குப் பரிசளிப்பு விழாவில் கோப்பை தருகிறோம். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் அக்கோப்பை உண்டு. உண்மையைச் சொல்லி வீட்டில் இருந்த பிள்ளைக்கு இல்லை. அவ்வாண்டு அக்கோப்பையை நிறுத்தினோம். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குப் பாடத்தாள்களை அனுப்பவும் ஏற்பாடு செய்தோம். கோப்பையை நிறுத்தியதை ஏற்காத மூத்த ஆசிரியர் ஒருவர் எங்களிடையே இருக்கிறார். ஒழுங்காக வருவதும் ஒரு பண்புதானே, அதற்கு மதிப்பில்லையா என்று இன்றும் கேட்கிறார். நன்னெறிப் பாட வேளையில் இவ்வினாவை ஆறாம் ஆண்டு மாணவரிடம் வைத்தோம். பாதிப் பேர் அவர் பக்கம் நின்றனர்.