வென்ற குதிரையின் பாரம்

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரேஸ்கோர்ஸுக்குக் கூட்டம் போகும். மற்ற நாட்களில் டவுன் புக்கியில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டுகிறவர்கள் எங்கள் தேயிலைத் தோட்ட ஊரான வட்டகொடையிலும் உண்டு. 'பெனல்ட்டி' என்பது அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எடைகளை அறிவித்த பிறகு ஒரு குதிரை வேறெங்காவது ஜெயித்துவிட்டால் அதன்மேல் கூடுதலாக ஏற்றுகிற எடை அது. ஹேண்டிகேப் ஓட்டங்களின் அடிப்படையே இதுதான்: கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடின பாரம், சேணத்தோடு ஈயத் தகடு.

இங்கிலாந்தின் 1973 கிராண்ட் நேஷனல் ஓட்டத்தில் கிரிஸ்ப் என்ற குதிரை சுமந்தது 76 கிலோ, ரெட் ரம் 66. பெரும்பாலான தூரம் கிரிஸ்ப்தான் முன்னால். கடைசி எட்டுகளில் ரெட் ரம் முந்தியது. மறுவருடம் அந்த 76 கிலோ ரெட் ரம் முதுகுக்கு வந்தது; அப்போதும் ஜெயித்தது. எல்லாக் குதிரையாலும் அது முடியாது. 1930இல் மெல்பர்ன் கப் வென்ற ஃபார் லாப், அடுத்த வருடம் 68 கிலோவோடு எட்டாவதாக வந்தது.

"தாங்குறவங்களுக்குத்தான் ஆண்டவன் பாரத்தக் குடுப்பான்" என்று அம்மா செத்த வீட்டில் ஒரு பெரியவர் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் மனம் ஏற்கவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடத்தில், உச்சந்தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு அம்மாவுக்கு முடியே இல்லை. அவள் எந்த ஓட்டத்தில் ஜெயித்தாள்?

ரேஸில் வெற்றி முந்தி, பாரம் பிந்தி. பரிசுப் பணமும் உண்டு. எத்தனை கிலோ என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி தராசில் ஏற வேண்டும். இங்கே 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் பல தோட்டங்களில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று நிறுக்கும்போது வெட்டுவது வேறு. இதெல்லாம் மனிதர் எழுதிய கணக்கு. இதை ஆண்டவன் தலையிலோ முன்வினையின் தலையிலோ கட்டினால், எழுதினவன் தப்பித்துவிடுகிறான்.

ஆண்டவன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் தெம்பு அவன் தந்தது என்றே நம்புகிறேன். அந்தத் தெம்பைப் பார்த்துவிட்டு ஆள் ஏற்றிய சுமையையும் அவன் பேரில் எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மாரியம்மன் கோயிலில் தாங்கும் சக்தி கேட்டு நான் கும்பிடுவதில்லை. கூட்டிய கிலோவைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன். அதையே தோட்டத்து ஆபீசிலும் போய்க் கேட்கிறேன்.