மூட்டம் விலகிய மலை

“இவ்ளோதானா மாமா?”

அக்கா மகன் இப்படிக் கேட்டது 2021 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற வீடியோ கேமின் புதுப்பித்த பதிப்பு வெளியாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கதை அவன் வயதுக்கானது இல்லை. அதனால் மிஷன் எதையும் தொடக்கூடாது, பைக் மட்டும் ஓட்டு என்று சொல்லி மடிக்கணினியைக் கொடுத்திருந்தேன். ஆட்டத்தில் வரும் சிலியட் மலை உச்சிவரை வண்டியை ஏற்றினான். நிறுத்திவிட்டுச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். கேட்டான். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

அவன் அதை அன்றைக்கே மறந்திருப்பான். எனக்குத்தான் இன்னும் அடங்கவில்லை.

அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். உச்சியில் நின்றால் ஆட்டத்தின் கற்பனை மாநிலம் மொத்தமும் தெரிந்தது. ஒரு பக்கம் லாஸ் சாண்டோஸின் உயரக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் சான் ஃபியரோ, அதற்கும் அப்பால் பாலைவனம். எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி ஒரே பார்வைக்குள் அடங்கிக் கிடந்தன. 2004இல் வந்த மூல ஆட்டத்தில் அங்கே நின்றால் இப்படித் தெரியாது. கீழே கொஞ்சம் காடு தெரியும், ஒரு ரோடு வளைந்து போவது தெரியும், அதற்குமேல் மூட்டம். சாம்பல் நிறத்தில், சாயங்காலமானால் கொஞ்சம் செம்மண் கலந்தாற்போல, எல்லாத் திசையையும் மூடியிருக்கும். புதுப்பித்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த மூட்டம் எப்படி வந்தது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். பிளேஸ்டேஷன் 2இன் நினைவகம் 32 எம்பி. மூன்று நகரங்களும் காடும் பாலைவனமும் ஒரே நேரத்தில் அதற்குள் அடங்காது. ஆடுபவர் நிற்கும் இடத்தைச் சுற்றியிருப்பதை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக்கொண்டே வரவேண்டும், கடந்து போனதைக் கைவிட வேண்டும். தூரத்தில் இருப்பதை இயந்திரத்தால் வரைய முடியாது. அந்த இல்லாமையை மறைக்கப் போட்ட போர்வைதான் மூட்டம். அளவைப் பார்த்தால் அந்த மாநிலம் ஆறு கிலோமீட்டருக்கு ஆறு கிலோமீட்டர். எங்கள் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போவதற்குள் இரண்டு தடவை முடிந்துவிடும். ரோடுகளை வளைத்து வளைத்துப் போட்டு, தூரத்தை மூடி வைத்து, இத்தனூண்டு நிலத்தை ஒரு மாநிலமாக நம்ப வைத்திருந்தார்கள். ஆக, பையன் கேட்டது நியாயம். இவ்வளவுதான் அது.

எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் நாங்கள் அதை ஆடியபோது மணிக்கு இருபது ரூபாய். பிளைவுட் தடுப்பு, அதன்மேல் யாரோ பேனாவால் கிறுக்கிய பெயர்கள், ஒரு நாற்காலியில் ஆடுகிறவன், பின்னால் நின்று வழி சொல்கிறவர்கள் மூன்று நான்கு பேர். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டத்தை ஏமாற்றுவதற்கான சீட் கோடுகள். அவற்றில் ஹெசோயாம் என்பதை எந்தத் திருக்குறளையும்விடச் சுத்தமாக மனப்பாடம் செய்திருந்தோம். ஆங்கிலத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எவனுக்கும் புரியாது. கதை பாதிக்குமேல் போகாது. பெரும்பாலும் காட்டுக்குத்தான் போவோம்.

காரணம் பிக்ஃபுட். சிலியட் மலையடிவாரக் காட்டில் ஒரு ராட்சத வாலில்லாக் குரங்கு இருக்கிறது, மூட்டம் அடர்ந்த ராத்திரியில்தான் வெளியே வரும் என்று தர்மபுரியில் படித்த ஒருவனின் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். பிற்பாடு தெரிந்துகொண்டேன், இந்த வதந்தி உலகம் முழுக்க ஓடியிருக்கிறது. ஆட்டத்தை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனத்தாரே அப்படி ஒன்றும் ஆட்டத்தில் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. 2013இல் வந்த ஜிடிஏ ஐந்தாம் பாகத்தில் அந்த வதந்திக்கு மரியாதை செய்வதுபோல் ஒரு பிக்ஃபுட்டை வைத்தார்கள். அது எங்களுக்குத் தாமதம். நாங்கள் தேடியது இல்லாத ஒன்றை. ஆனால் எங்களில் ஒருவன் பார்த்தான். மரத்துக்கும் மூட்டத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று அசைந்ததென்று அடித்துச் சொன்னான். அன்று மின்சாரம் போய்விட்டதால் நிரூபிக்க முடியவில்லை. அதன்பிறகு அவன் பேச்சுக்கு எங்களிடம் ஒரு தனி மதிப்பு இருந்தது.

பையன் உச்சியில் நின்று பார்த்த அந்தத் துல்லியமான காட்டில் யாராலும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க முடியாது.

எப்போதோ நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் சீன ஓவியர் ஒருவரைப் பற்றிப் படித்தது அரைகுறையாக ஞாபகம் வருகிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த குவோ ஷி. அவருடைய ‘முன்வசந்தம்’ 1072இல் வரைந்தது, இன்று தைபேய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலையை அடிமுதல் முடிவரை முழுதாக வரைந்துவிட்டால் அது உயரமாகத் தெரியாது, இடுப்பில் மேகத்தைச் சுற்றினால்தான் உயரம் வரும் என்கிற பொருளில் அவர் சொல்லியிருந்தார். புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் மறக்கவில்லை. மலை எங்கே முடிகிறது, வெறும் தாள் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடிப் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு உலகத்திலும் இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1999இல் வந்த சைலன்ட் ஹில் ஆட்டத்தில் ஊர் முழுக்க மூட்டம். அதுவும் இயந்திரத்தின் ஏழ்மையால் வந்ததுதான். ஆனால் அந்தப் பயமே அதில்தான் இருந்தது. 2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைத் துல்லியப் படத்தில் மறுபடி வெளியிட்டபோது மூட்டம் மெலிந்து, ஏரிக்கரையில் உலகம் வெட்டுப்பட்டு நிற்கும் விளிம்பே வெளியே தெரிந்தது. ஆடியவர்கள் கொதித்தார்கள். 2024இல் போலந்தைச் சேர்ந்த புளூபர் டீம் இரண்டாம் பாகத்தை அடியிலிருந்து கட்டியெழுப்பியபோது, எவ்வளவு தூரத்தையும் வரையக்கூடிய இயந்திரம் கையில் இருந்தும், மூட்டத்தைப் பார்த்துப் பார்த்து உருவாக்கினார்கள். ரீமேக் என்றால் இப்படிச் செய்யவேண்டும் என்பது என் கட்சி. பழையதில் எது குறை, எது உயிர் என்று பிரித்தறிகிற பொறுமை வேண்டும்.

சான் ஆண்ட்ரியாஸைப் புதுப்பித்தவர்களிடம் அந்தப் பொறுமை இல்லை. கடைப் பலகைகளைத் துல்லியமாக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டதில் எழுத்துகள் பிழையாக வந்தன. ஒரு டோனட் கடையின் உச்சியில் பெரிய நட்டு ஒன்று இருக்கும், போல்ட்டில் முடுக்குகிற அதே ஆறுமுனை நட்டு. புதியதில் அதன் முனைகளை மழித்து வட்டமாக்கிவிட்டார்கள். அது நட்டு என்று கண்ணால் பார்த்த ஒரு மனிதர் இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்குமா? இதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. புதியது வருவதற்கு முன்பே பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியாகி ஒரு வாரம் கழிந்ததும் மன்னிப்புக் கேட்டு, பழையதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். புதியதை விற்பதற்குப் பழையதை மறைப்பது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இதுவரை எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. மறைத்து வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றால், ஓர் ஆட்டம் வெளிவருவதற்கு முன்னால் கிளப்பும் ஆர்ப்பாட்டமும் ஒரு மூட்டம்தானே என்று தோன்றும்போதுதான் கால் இடறுகிறது.

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி ஆட்டம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இரண்டே நாளில் ஃபாஜி என்ற ஆட்டத்தை அக்ஷய் குமார் அறிவித்தார். பெங்களூருக் கம்பெனி தயாரிப்பு, நம் ஊர் ரயில் போய்ச் சேருகிற ஊர் என்பதால் இங்கே பையன்களுக்குத் தனிப் பெருமை. லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்தார்கள். 2021 குடியரசு தினத்தன்று வந்தது. பப்ஜிபோல் சுட்டு ஆடலாம் என்று காத்திருந்தவர்களுக்குக் கையாலும் கட்டையாலும் அடிக்கிற ஒற்றை ஆள் ஆட்டம் கிடைத்தது. சில நாட்களிலேயே மதிப்பெண் சரிந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் ஆட்டத்துக்கும் தடை. அடுத்த ஆண்டு, தோனியை முன்னிறுத்தி, செப்டம்பர் 5இல் ஃப்ரீ ஃபயர் இந்தியா வருகிறது என்றார்கள். முந்தின நாள், சில வாரங்கள் தள்ளிப்போகிறது என்றார்கள். அந்தச் சில வாரங்கள் மாதங்களாகியும் முடியவில்லை. அக்கா மகன் தினமும் பள்ளி விட்டு வந்ததும் பிளே ஸ்டோரைத் திறந்து பார்ப்பான். வந்தால் என்னென்ன இருக்கும் என்று கூட்டாளிகளோடு பேசுவான். தோனி ஆளாகவே வருவாராம், அவருக்கென்று தனிச் சக்தி இருக்குமாம். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது.

எங்கள் பிக்ஃபுட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நெடுநாள் யோசித்து ஒரு பதில் வைத்திருந்தேன். சான் ஆண்ட்ரியாஸின் மூட்டத்துக்குள் நடக்கலாம். நடந்தால் விலகும். விலகிய இடத்தில் ஒரு மரமோ பெட்ரோல் பங்கோ நிற்கும். விளம்பரம் கிளப்புகிற மூட்டத்துக்குள் நடக்க வழியில்லை, காத்திருக்கத்தான் முடியும். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். கூத்து ஞாபகம் வந்து அதையும் கலைத்தது.

சின்ன வயதில் பாரதக் கூத்துக்குப் போகும்போது நாங்கள் முதலில் போவது வேஷம் கட்டுகிற இடத்துக்கு. துரியோதனன் அங்கே பாதி முகத்தில் அரிதாரத்தோடு பீடி குடித்துக்கொண்டிருப்பார். பகலில் அவர் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிறவர் என்பதும், முட்டிவலிக்காரர் என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் ஒரு பழைய வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்கள். கட்டியங்காரன் வருகையைக் கூவுவான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். உள்ளிருந்தே பாடுவார். முகவீணை ஏறிக்கொண்டே போகும். திரை விலகும்போது எங்களில் சின்னவர்கள் அழுதே விடுவார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படியானால் மறைந்திருப்பதால்தான் பெரிதாகத் தெரிகிறது என்ற என் கணக்கு எங்கே நிற்கிறது? ஆர்ப்பாட்டமும் அங்கே முழு அளவில் இருந்தது, யாரும் ஏமாறவில்லை. ஆடுகிறவர் விடியவிடிய ஆடி அதை நேர்செய்துவிடுவார் என்பதாலா? இருக்கலாம்.

இதற்கிடையில், டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா என்ற ஆட்டத்தை அக்கா மகனிடம் கொடுத்தேன். 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா தன் தாயின் சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிறாள், புத்தகத்தில் வரிகள் அழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றன. அழிந்த இடத்தை நாம்தான் ஊகித்து இட்லியும் புட்டும் செய்யவேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் ஒரே மூச்சில் முடித்தான். இட்லித் தட்டு அடுக்குகிற இடத்தில் தயங்கவே இல்லை, வீட்டில் பார்த்த கை. “நல்லாருக்கு மாமா, சின்னதா இருக்கு” என்றான். சின்னது என்பது அவனுக்குக் குறை இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். சிலியட் மலையில் கேட்டதும் ஒருவேளை அளவெடுத்ததுதானோ, நான்தான் அதில் ஏமாற்றத்தை ஏற்றிக்கொண்டேனோ?

2024 நவம்பரில் சான் ஆண்ட்ரியாஸின் புதிய பதிப்புக்கு ஓர் அப்டேட் வந்தது. பழைய வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும் வசதி அதில் இருந்தது, மூட்டமும் திரும்பியது. ராத்திரி உட்கார்ந்து மலையேறிப் பார்த்தேன். நிலம் மறுபடி விரிந்துவிட்டது. நகரங்களைக் காணோம். மனம் நிறைந்தது, பொய் சொல்லவில்லை.

அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஜிடிஏ ஆறாம் பாகத்துக்குக் காத்திருக்கிறான். முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. 2025 என்றார்கள், பிறகு 2026 மே, இப்போது சொல்லியிருப்பது நவம்பர் 19. ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு காட்சியையும் பிரித்து, தெருக்களைக் கணக்கிட்டு வரைபடம் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவனும் அதையெல்லாம் பார்க்கிறான். வருவதற்குள் அந்த ஊர் முழுக்க அவனுக்குத் தெரிந்துவிடும்.

பெங்களூரும் அப்படித்தான். அடுத்த வருடம் அங்கே படிக்கப் போக வேண்டும் என்கிறான். எனக்கு அவன் வயதில் மாரண்டஹள்ளி ஸ்டேஷனுக்கு அப்பால் இருந்தவை வெறும் பெயர்கள்: பெரியநாகதுணை, இராயக்கோட்டை, கெலமங்கலம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஆசையில்தான் ரயிலேறினேன். அவன் தங்கப்போகும் தெருவைச் செல்போனில் வீடு வீடாகப் பார்த்தாயிற்று. அதே செல்போனில் நம் ஊரையும் மேலிருந்து பார்க்கிறான், ஒரு கட்டைவிரலுக்குள் அடங்குகிறது. அக்கா என்னிடம், தர்மபுரியிலேயே படிக்கச் சொல்லேன்டா என்கிறாள். என்ன சொல்வது? தெரியாததை நம்பிப் போனவன் நான், அது எனக்குக் கொடுத்தது நிறைய. எல்லாம் தெரிந்தும் போகிறேன் என்கிறவனுக்குத்தான் தைரியம் கூடுதல் என்று ஒரு நாள் படுகிறது. மறுநாள், போவதற்கு முன்பே அவன் போய்த் திரும்பிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது. இதில் எது உண்மையென்று பிடிபடவில்லை. அக்காவிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.