மாட்டின் வயதும் வியாபாரியின் வாக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நம் கடைகளில் ஒரே பேச்சுத்தான். மாடு என்ன விலை? ஒரு பங்கு எவ்வளவு? மாட்டுக்கு என்ன வயது என்று கேட்பவரைக் காண்பது அரிது. நாமும் பல வருஷம் கேளாதவர்களில் ஒருவராகவே இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

குர்பானி மாடு இரண்டு வயது பூர்த்தியாகி மூன்றாவதில் புகுந்திருக்க வேண்டும். ஒட்டகத்துக்கு ஐந்து. இதில் ஷாபிஈ, ஹனபி இரண்டு மத்ஹபும் ஒன்றே. வெள்ளாட்டில்தான் பேதம்: ஹனபிகளுக்கு ஒரு வயது போதும், ஷாபிஈகளுக்கு இரண்டு வேண்டும். இது ஏதோ சில்லறை விஷயம் என்று நினைப்பவர் அபூபுர்தா (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைத்துப் பார்க்கட்டும். அவர்கள் அவசரப்பட்டுத் தொழுகைக்கு முன்பே அறுத்துவிட்டார்கள். அது குர்பானியல்ல, வெறும் இறைச்சியே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது அவர்களிடம் மிஞ்சியிருந்தது வயது நிரம்பாத ஒரு வெள்ளாட்டுக் குட்டி. கொழுத்த குட்டிதான். அதை அறுக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அவருக்குப் பின் வேறொருவருக்கும் அது செல்லாது என்றும் சொல்லப்பட்டது. கொழுப்பு வேறு, வயது வேறு.

அரபு பாஷையில் பல்லுக்கும் வயதுக்கும் 'ஸின்னு' என்ற ஒரே வார்த்தைதான். ஓதத் தெரியாத நம் ஊர் மாட்டுத் தரகனும் இதையே சொல்கிறான். வயதைக் கேட்டால், வாயைத் திற, பல்லைப் பார் என்பான். மாட்டுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பல் கிடையாது. கீழ்வாயில் எட்டுப் பல். முதலில் இருப்பவை சிறிய பால்பற்கள். ஏறக்குறைய இரண்டு வயதில் நடுப்பல் இரண்டும் விழுந்து அகலமான பல் முளைக்கும். அதுவே இரண்டு பல் மாடு. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் முளைத்தால் கடை சேர்ந்தது என்பார்கள். தீனிக்கும் ஜாதிக்கும் தக்கபடி சில மாதம் முன்பின் ஆகும். ஆகையால் பல் என்பது வயதின் அடையாளமே தவிர வயதே அல்ல.

நாம் ஏமாந்த கதைக்கு வருகிறோம். ஏழு பேர் பங்குப் பணத்தை நம்மை நம்பிக் கொடுத்தார்கள். விற்றவர் மூன்று வயது என்றார். மாடு உயரமாகவும் பளபளப்பாகவும் நின்றது. வாயைத் திறந்து பார்க்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. அறுத்து முடிந்த பின் தலையைப் புரட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "தம்பி, இது பால்பல்லாயிருக்கே" என்றார். விற்றவரிடம் ஓடினோம். அவர் வேறொருவரிடம் வாங்கியவர். அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர். கடைசியில் கன்று பிறந்த கொட்டிலுக்குப் போய் விசாரித்தால் ஒன்றரை வயதுதான். யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆறு மாதம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே! நல்ல வேளையாகப் பிறை பதிமூன்று அஸ்தமனம் வரை அவகாசம் இருந்தது. நம் கைப்பணத்தில் வேறு மாடு வாங்கி ஏழு பேருக்காகவும் அறுத்தோம். அந்த மாதம் கடை வாடகைக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டு மாட்டுக்காரர்கள் இதே பாடத்தை அதிக விலை கொடுத்துப் படித்தார்கள். 2003 மே மாதம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் கண்டது. அமெரிக்கா முதலிய பல நாடுகள் கதவை அடைத்தன. 2005 ஜூலையில் அமெரிக்கா உயிர்மாடுகளுக்கு மறுபடி வழி விட்டபோது, 30 மாதத்துக்கு உட்பட்டவை மட்டுமே வரலாம் என்றது. ஜப்பானோ 2005 டிசம்பரில் 20 மாதம் என்று கோடு கிழித்து, 2013 வரை அதை விடவில்லை. வயது ஏறிய மாட்டின் மூளையிலும் முதுகுத்தண்டு நரம்பிலும் அந்நோயின் விஷம் தங்கக்கூடும் என்பதே காரணம். ஏட்டில் பிறந்த தேதி இல்லாத மாட்டுக்குப் பல்லே சாட்சி. இரண்டாம் ஜோடியில் ஒரு பல் எட்டிப் பார்த்தாலும் 30 மாதம் கடந்ததாகவே வைத்தார்கள். பல் சீக்கிரம் முளைத்த 28 மாத மாட்டுக்காரனுக்கு நஷ்டம். கன்று பிறந்த தேதியைக் காது வில்லையின் நம்பரோடு பதிந்து வைத்தவனோ தப்பினான்.

அடையாளம் இடுவது மார்க்கத்துக்குப் புதிதல்ல. ஜகாத் ஒட்டகங்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே சூட்டுக்குறி இட்டதை அனஸ் (ரலி) அவர்கள் பார்த்திருக்கிறார்கள். முகத்தில் சூடு போடுவதை மட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஆடுமாடுகளின் காதில் வில்லை தொங்குகிறதே, காது துளைபட்டது குர்பானிக்குக் கூடுமா என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. துளையால் குற்றமில்லை என்று இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வில்லை அறுந்து காதில் ஒரு துண்டே போயிருந்தால் ஷாபிஈ மத்ஹபில் அது ஆகாது. வாங்கும்போது காதையும் தடவிப் பாருங்கள்.

திருக்குர்ஆனிலேயே நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதல்ல; கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்பது அதன் கருத்து. கடன் பேரேட்டில் நாலணாவைக்கூட விடாத நாம், ஏழு பேரின் இபாதத்தை வாய்ச்சொல்லில் விட்டது ஏன் என்று இன்றும் வெட்கப்படுகிறோம்.

மேற்படி சம்பவத்துக்குப் பின் நாம் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறோம். மாட்டின் நிறம், வில்லை நம்பர், பல் எத்தனை, விற்றவர் சொன்ன வயது, அவர் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வாங்குவதில்லை. இரண்டு பேர் தயங்கியும் இருக்கிறார்கள். இவ்வருஷம் பங்குக்குப் பெயர் கொடுத்தவர்கள், பெருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் கொட்டிலுக்கு வந்து தாங்களே பார்த்துக்கொள்ளலாம். டார்ச் விளக்கு நாம் கொண்டு வருகிறோம். வாயைத் திறந்து பிடிக்கத்தான் தெம்புள்ள ஒருவர் வேண்டும்.