உணவக மேசையில் குழந்தை

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த வேளையில் நம் நகரத்து உணவகம் ஒன்றினுள் நுழைந்தால் இக்காட்சியைக் காணலாம். பெற்றோரும் தாத்தா பாட்டியும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பர். நடுவில் மூன்று வயதுக் குழந்தை, தண்ணீர்த் தம்ளரில் சாய்த்து வைத்த கைப்பேசியைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். தாய் ஊட்டும் கவளம் வாய்க்குள் போகிறது. அது இட்லியா பொங்கலா என்பதைக் குழந்தை அறியாது. 'இந்தக் காலத்துப் பெற்றோர்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு நம் தோசையை உண்ணத் தொடங்குவது எளிது. அவ்வளவு விரைவாகத் தீர்ப்பிடக்கூடிய காரியம் இது என்று நாம் கருதவில்லை.

வீட்டிலே குழந்தைக்குச் சோறூட்ட முற்றம் உண்டு, காக்கை உண்டு, நிலா உண்டு. உணவகத்திலோ காத்திருத்தலே பெரும் பகுதி. இருபது நிமிடம் என்பது நமக்குச் சிறு பொழுது. பசித்த குழந்தைக்கு அது முடிவில்லாக் காலம். அது சிணுங்கினால் பக்கத்து மேசையினர் முகம் சுளிக்கின்றனர். வாரம் முழுவதும் ஆறிப்போன உணவையே உண்ணும் தாய், ஒரு நாளேனும் சூடாக உண்ண விரும்புவது குற்றமா? மேலும், பாத்திர ஓசையையும் மனித இரைச்சலையும் தாங்க இயலாத ஆட்டிசம் உடைய குழந்தைகளும் உள்ளனர். அவர்களுக்கு அந்தச் சிறு திரை ஒரு புகலிடமாய் இருக்கலாம். அடுத்த மேசையிலிருந்து பார்க்கும் நமக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

ஆகவே குழந்தையை மகிழ்விக்க வேண்டுமா என்பதில் ஐயமில்லை. விளையாட்டு ஆன்மாவுக்கு ஓய்வு என்றும், விளையாட்டே அறியாத வறட்டுக் கண்டிப்பு ஒரு குறை என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் எழுதியுள்ளார். குழந்தை சிலைபோல் அமர வேண்டுமென எதிர்பார்க்கும் பெரியவர்கள் அப்பகுதியை ஒருமுறை படிப்பது நலம். நம் கேள்வி வேறு: குழந்தையை மேசைக்குள் அழைத்து வர மகிழ்விக்கிறோமா, மேசையிலிருந்து அகற்றி வைக்க மகிழ்விக்கிறோமா?

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உண்டு. யூதர்களின் பாஸ்கா இரவுணவு மணிக்கணக்கில் நீள்வது. செபங்களும் விளக்கங்களும் நிறைந்தது. சிறுவர்களுக்கு உறக்கம் வராமல் என்ன செய்யும்? இரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் ரபி அக்கிபா, அந்த நாளில் குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பகிர்ந்தளிப்பார் என்று தல்மூது கூறுகிறது. அவர்கள் உறங்காமல் விழித்திருந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். இன்றும் அவ்வுணவில் மற்ற இரவுகளினின்று இந்த இரவு ஏன் வேறுபடுகிறது என்று கேட்பது வீட்டின் கடைக்குட்டியின் உரிமை. புளிப்பற்ற அப்பத்தின் ஒரு துண்டை ஒளித்துவைத்துச் சிறுவர்களைத் தேடச் செய்யும் வழக்கமும் உண்டு. அத்துண்டு கிடைக்காமல் உணவை முடிக்க இயலாது. குழந்தை கேள்வி கேட்பதற்காக அக்கிபா கொட்டைகளைக் கொடுத்தார். கேளாதிருப்பதற்காக நாம் கைப்பேசியைக் கொடுக்கிறோம்.

உண்மையில் நம் உணவகமே ஒரு திருவிழாக் கடைத்தெரு. ஒரு முழ உயரத்திலிருந்து டபராவுக்கும் தம்ளருக்கும் இடையே ஆற்றப்படும் காப்பியைவிட வியப்பான காட்சி எந்தத் திரையில் உண்டு? பந்துபோல் உப்பி வந்த பூரியை விரலால் குத்தினால் 'புஸ்' என்று ஆவி கிளம்பும். கூம்பாக நிற்கும் நெய் ரோஸ்ட் யாருடைய தொப்பி? சாம்பாரில் மிதக்கும் சிறு இட்லிகள் சில கடைகளில் 14 இருக்கும், எண்ணிப் பார்க்கலாம். வாசலருகே கொத்துப் பரோட்டாக் கல்லில் எழும் தாளத்துக்கு மேசையைத் தட்டலாம், மெதுவாக. சர்வர் மூச்சு விடாமல் ஒப்புவிக்கும் பட்டியலில் தன் பலகாரத்தைக் குழந்தையே தன் வாயால் கேட்கட்டும், அவர் குனிந்து, "உங்களுக்கு என்ன வேணும் தம்பி?" என்பார். அந்த வயதில் அதைவிடப் பெரிய மரியாதை கிடைப்பது அரிது. போகும்போது பில் தட்டிலுள்ள சோம்பும் கற்கண்டும் இருக்கவே இருக்கின்றன. இதற்கெல்லாம் ஒரு பெரியவர் தம் பேச்சை நிறுத்திக் குழந்தையின் பக்கம் திரும்ப வேண்டும். இங்கேதான் சிக்கல்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் நன்று என்றது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம் என்றது. மணிக்கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கவலை, பெரியவர்களின் மகிழ்ச்சி தன்னை ஒதுக்கி வைத்த பிறகே தொடங்குகிறது என்று அக்குழந்தை கற்றுக்கொள்ளுமோ என்பது. உணவு வேளையில் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கும் குடும்பத்தைப் பற்றி மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் 'அன்பின் மகிழ்வு' மடலில் குறிப்பிட்டபோது சிறுவர்களை மட்டும் நினைத்து எழுதவில்லை. பல மேசைகளில் தந்தையின் கையிலும் ஒன்று இருக்கிறது.

இதனால் குழந்தை மேசைகளுக்கிடையே ஓடித் திரியலாம் என்பதன்று. கொதிக்கும் சாம்பார் வாளியோடு விரையும் சர்வரின் காலடியில் ஓடுவது ஆபத்து. அவருக்கும் அது அநீதி. பொறுமை தீர்ந்துவிட்டால் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பேருந்துகளைக் காட்டி வரலாம், பிறகு மற்றவர். நம் பங்கிலுள்ள ஓர் இளந்தம்பதியர் இப்படித்தான் முறை வைத்துக்கொள்கின்றனர். முதல் முறை எப்போதும் தந்தையுடையது. மனைவியின் காப்பி ஆறிவிடக்கூடாது என்பது அவர் சொல்லும் காரணம்.